மனச்சோர்வு மாத்திரை எடுக்கும்போது வரும் காரணம் புரியாத மனநிலை மாற்றங்களும் உடல் தொல்லைகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மனச்சோர்வுக்கோ பதற்ற நோய்க்கோ மாத்திரை எடுத்துக்கொள்ளும் பலர், ஏதோ ஒரு கட்டத்தில் தங்கள் உடலையும் மனத்தையும் பார்த்துத் திகைத்து நிற்கிறார்கள். காரணமின்றி அழுகை வருகிறது, சிறு சொல்லுக்கும் எரிச்சல் மூள்கிறது, உள்ளங்கை வியர்க்கிறது, நடக்கும்போது தலை கிறுகிறுக்கிறது. இது மருந்தா, நோயா, இரண்டும் அல்லாத வேறொன்றா என்று தெரியாததே பல வேளைகளில் பெரிய வேதனையாகிவிடுகிறது. செர்ட்ராலின், எஸ்சிட்டலோபிராம், ஃபுளூவாக்ஸெட்டின், பராக்ஸெட்டின் போன்ற செரோட்டோனின் (நரம்புகளுக்கிடையே செய்தி கடத்தும் ஒரு வேதிப்பொருள்) வகை மருந்துகளையும், வென்லாஃபாக்சின், டுலாக்ஸெட்டின் போன்ற செரோட்டோனினோடு இன்னொரு வேதிப்பொருள் மீதும் செயல்படும் இரட்டைச் செயல் மருந்துகளையும் மனத்தில் கொண்டே பெரும்பாலான விடைகள் எழுதப்பட்டுள்ளன. இவை மருத்துவரின் இடத்தை நிரப்பா. மருத்துவரிடம் போகும்போது எதைக் கையில் கொண்டுபோக வேண்டும் என்பதையே முதன்மையாகச் சொல்கின்றன.

எந்த அறிகுறிகளுக்குக் காத்திருக்கவே கூடாது?

வழக்கமாக இந்தக் கேள்வி கடைசியில் வைக்கப்படும். கடைசிவரை படிக்கும் நிலையில் எல்லோரும் இருப்பதில்லை என்பதால் இங்கே முதலில் வருகிறது.

தற்கொலை எண்ணம் புதிதாகத் தோன்றினாலும், முன்பே இருந்த எண்ணம் வலுத்தாலும், அதற்கான வழியை மனம் திட்டமிடத் தொடங்கினாலும், அன்றே மருத்துவரையோ அவசர சிகிச்சைப் பிரிவையோ அணுக வேண்டும். அதுவரை தனியாக இருக்கக் கூடாது. இளம் வயதினரிடம் இந்த ஆபத்தைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2004-இல் சிறார்களுக்கும் பதின்ம வயதினருக்கும் இதைப் பற்றிக் கட்டமிட்ட எச்சரிக்கையை (மருந்துக் குறிப்பில் கட்டத்துக்குள் அச்சிடப்படும் மிகக் கடுமையான எச்சரிக்கை) வெளியிட்டது. 2007-இல் அதை 24 வயது வரையிலானோருக்கு நீட்டித்தது. மாத்திரை தொடங்கிய முதல் சில வாரங்களும், மருந்தளவை மாற்றிய பிந்தைய நாட்களும் குறிப்பாகக் கவனிக்கப்பட வேண்டியவை.

உடலைப் பொறுத்தவரை, காய்ச்சலும் கடும் வியர்வையும் கை கால் துடிப்பும் குழப்பமும் சேர்ந்து வருவது, வலிப்பு, மயங்கி விழுதல், கறுப்பு நிறத்தில் மலம் போவது அல்லது நிற்காத இரத்தக் கசிவு, கண்ணில் திடீர் வலியோடு பார்வை மங்குவது, முகம் அல்லது நாக்கு வீங்கி மூச்சுத் திணறுவது ஆகியவை அவசர நிலைகள். இவற்றில் ஒன்று இருந்தாலும், கீழே உள்ளவற்றைப் படிப்பதைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

மாத்திரை தொடங்கிய பிறகு முன்பைவிட மோசமாக இருக்கிறது. மருந்து எனக்கு ஒத்துக்கொள்ளவில்லையா?

அப்படி உடனே முடிவுக்கு வர வேண்டியதில்லை. இம்மருந்துகளில் தொல்லை முதலில் வருகிறது, பலன் பின்னால் வருகிறது. குமட்டல், வயிற்றுப்போக்கு, தலைவலி, தூக்கக் குலைவு, கூடுதல் படபடப்பு ஆகியவை முதல் சில நாட்களிலேயே தலைகாட்டுகின்றன. மனம் தெளிவடைவதோ ஓரிரு வாரங்களில் மெல்லத் தொடங்கி, முழுமையாகத் தெரிய நான்கு முதல் ஆறு வாரங்கள்கூட ஆகலாம். இடைப்பட்ட நாட்களில் ஒருவர் நோயையும் சுமக்கிறார், மருந்தின் தொல்லையையும் சுமக்கிறார். பலர் மாத்திரையைக் கைவிடுவது இந்த இடைவெளியில்தான்.

வயிறு ஏன் முதலில் புரள்கிறது என்பதற்கு எளிய காரணம் உண்டு. உடலில் உள்ள செரோட்டோனினில் ஏறத்தாழ 90 சதவீதம் மூளையில் இல்லை, குடலில்தான் இருக்கிறது. மூளையை நோக்கி எடுத்துக்கொள்ளும் மாத்திரை குடலையும் தொடாமல் இருக்காது. உணவுக்குப் பின் எடுத்துக்கொள்வதும், தூக்கம் கெட்டால் காலைக்கும் மந்தமாக இருந்தால் இரவுக்கும் மாத்திரை நேரத்தை மருத்துவரிடம் கேட்டு மாற்றிக்கொள்வதும் பலருக்கு உதவுகின்றன. பதற்ற நோய் உள்ளவர்களின் உடல் தொடக்கத்தில் கூடுதலாகச் சிலிர்த்துக்கொள்வதால், அவர்களுக்குப் பாதி அளவில் தொடங்கி மெல்ல ஏற்றுவது மருத்துவர்களின் வழக்கம். முழு அளவில் தொடங்கியிருந்து தாங்க முடியவில்லை என்றால், அளவைக் குறைத்துத் தொடங்கலாமா என்று கேட்பதில் தயக்கம் தேவையில்லை.

இத்தொடக்கத் தொல்லைகளில் பெரும்பாலானவை ஒன்றிரண்டு வாரங்களில் அடங்கும். அடங்காமல் நாளுக்கு நாள் ஏறுமுகமாக இருந்தால், "பழகிவிடும்" என்ற ஆறுதல் அங்கே பொருந்தாது.

இது மருந்தாலா, நோயாலா, வேறு ஏதாவதாலா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

அறிகுறியை மட்டும் பார்த்தால் பெரும்பாலும் தெரியாது. களைப்பு, தூக்கமின்மை, படபடப்பு, பசியின்மை, எரிச்சல் ஆகிய ஐந்தும் மனச்சோர்வின் அறிகுறிகள். மருந்தின் பக்கவிளைவுப் பட்டியலிலும் இவை இருக்கின்றன. தைராய்டு கோளாறிலும் இவற்றில் பல வருகின்றன. ஆகவே "என்ன செய்கிறது?" என்பதைவிட "எப்போது தொடங்கியது?" என்ற கேள்வியே கூடுதலாகத் துப்புத் தரும்.

மாத்திரை தொடங்குவதற்கு முன்பே இருந்த தொல்லையா? அப்படியானால் நோயின் மீதே முதல் ஐயம் விழ வேண்டும். தொடங்கிய முதல் வாரத்திலோ அளவை ஏற்றிய சில நாட்களிலோ வந்ததா? மருந்தை ஐயப்படலாம். ஓரிரு வேளை விட்டுப்போன பிறகு வந்து, மாத்திரையை மீண்டும் எடுத்ததும் ஒரு நாளுக்குள் மறைந்ததா? அது விடுபட்டதன் விளைவு. ஆறு மாதமாக ஒரே மாத்திரை, ஒரே அளவு, எந்த மாற்றமும் இல்லை. சென்ற வாரம் திடீரென நெஞ்சு படபடக்கிறது என்றால், மாத்திரையைத் தவிர அந்த வாரத்தில் புதிதாக என்ன நுழைந்தது என்று தேட வேண்டும். புதிய மருந்து, ஒரு தொற்று, தூக்கம் கெட்ட ஒரு பயணம், மது, மாதவிடாய்ச் சுழற்சி, ஒரு பெரும் கவலை என்று எதுவாகவும் இருக்கலாம்.

நினைவை நம்பி இதைச் செய்ய முடியாது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். சோர்ந்த மனம், "எப்போதுமே இப்படித்தான் இருக்கிறது" என்று அடித்துச் சொல்லும். மூன்று நாட்கள் முன்பு நன்றாக இருந்தது அதற்கு நினைவிருக்காது.

அப்படியானால் என்ன எழுதி வைக்க வேண்டும்?

குறைவாக எழுதுவதே நல்லது. நீளமாக எழுதத் தொடங்கினால் நாலாம் நாள் நின்றுவிடும். தேதி, மாத்திரை எடுத்த நேரம், எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள், மனநிலைக்குப் பத்துக்கு ஒரு மதிப்பெண், உடலில் இருந்த ஒரு முக்கியத் தொல்லை, அன்று வழக்கத்துக்கு மாறாக நடந்த ஒன்று ஆகியவை போதும். ஒரு பதிவு இப்படி இருக்கலாம்:

"12-ஆம் தேதி. மாத்திரை காலை 8. தூக்கம் 5 மணி நேரம், இரண்டு முறை விழிப்பு. மனம் 4. பிற்பகல் 3 மணிக்குக் கிறுகிறுப்பு, அரை மணி நேரத்தில் போனது. சளிக்கு மருந்துக்கடையில் ஒரு சிரப் வாங்கிக் குடித்தேன்."

அந்தக் கடைசி வரிதான் மருத்துவருக்கு வேண்டியது. நேரில் பேசும்போது சிரப்பை யாரும் சொல்வதில்லை. கேட்டாலும் "வேறு மருந்து எதுவும் எடுக்கவில்லை" என்பார்கள். பெண்கள் மாதவிடாய் தொடங்கும் நாளையும் குறித்துக்கொள்ள வேண்டும். இரண்டு மூன்று மாதப் பதிவுகளைப் பார்த்தால், மருந்தின் மீது சுமத்தப்பட்ட எரிச்சலும் அழுகையும் ஒவ்வொரு மாதவிடாய்க்கும் முந்தைய வாரத்தில்தான் வருகின்றன என்பது சிலருக்குத் தெளிவாகத் தெரிந்துவிடும்.

இரு வாரங்களுக்கு ஒரு முறை, மனச்சோர்வின் கடுமையை அளக்கும் பி.எச்.கியூ-9 என்ற ஒன்பது கேள்விகள் கொண்ட வினாத்தாளை நிரப்பி வைக்கலாம். அது 0 முதல் 27 வரை மதிப்பெண் தரும், கூடினால் சோர்வு கடுமை என்று பொருள். ஒரு நாளின் மதிப்பெண் பெரிதாக எதையும் சொல்லாது. அது எந்தத் திசையில் நகர்கிறது என்பதே பயன்படும்.

ஒரே நாளில் காலையில் அழுகையாகவும் மாலையில் தெளிவாகவும் இருக்கிறேன். இது எப்படி?

மனச்சோர்வில் காலை நேரம் மிக மோசமாக இருந்து மாலையில் சற்று இலகுவாவது நெடுங்காலமாக அறியப்பட்ட ஒன்று. மருந்து முழுமையாகப் பலன் தராத நிலையில் இந்த அலை நீடிக்கும். குணமாகும் காலத்திலும் மனநிலை நேர்கோட்டில் ஏறுவதில்லை. நான்கு நல்ல நாட்களுக்குப் பின் இரண்டு மோசமான நாட்கள் வருவது பின்னடைவு ஆகிவிடாது. மோசமான நாட்களின் இடைவெளி கூடுகிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

வென்லாஃபாக்சின் போல உடலிலிருந்து விரைவாக வெளியேறும் மருந்துகளில் மட்டும் வேறொரு கோணமும் உண்டு. தினமும் மாத்திரை எடுக்க வேண்டிய நேரத்துக்குச் சற்று முன்பாக எரிச்சலும் கிறுகிறுப்பும் தலைதூக்கி, எடுத்த சில மணி நேரத்தில் அடங்கினால், மருந்தின் அளவு இரத்தத்தில் இறங்குவதே காரணமாக இருக்கலாம். நீண்ட நேரம் கரையும் வகை மாத்திரையை உடைத்தோ மென்றோ சாப்பிடுபவர்களுக்கும் இது நேரும்.

திடீரென்று மிக உற்சாகமாக இருக்கிறேன், தூக்கமே தேவைப்படவில்லை. மருந்து நன்றாக வேலை செய்கிறது என்று கொள்ளலாமா?

நீண்ட சோர்வுக்குப் பின் வரும் உற்சாகத்தை ஐயப்படச் சொல்வது கொடுமையாகத் தோன்றலாம். ஆனாலும் கேட்டே ஆக வேண்டிய கேள்வி இது. குணமடைந்தவர் நன்றாகத் தூங்கி எழுந்து சுறுசுறுப்பாக இருப்பார். மூன்று மணி நேரம் மட்டும் தூங்கி, களைப்பே இல்லாமல், இடைவிடாமல் பேசி, எண்ணங்கள் ஒன்றை ஒன்று துரத்த, கையில் உள்ள பணத்தையெல்லாம் செலவழித்து, குறுக்கே பேசுபவர் மீது சீறி விழுபவர் குணமடைந்தவர் அல்லர். மனச்சோர்வு என்று கருதப்பட்ட நோய் உண்மையில் இருமுனை மனநோயாக (சோர்வும் அளவுமீறிய எழுச்சியும் மாறி மாறி வரும் நோய்) இருந்து, மனச்சோர்வு மருந்து அவரை எழுச்சி நிலைக்குத் தள்ளியிருக்கலாம். குடும்பத்தில் யாருக்காவது இருமுனை மனநோய் இருந்தால் இந்த ஐயம் வலுப்படும்.

இந்நிலையில் இருப்பவருக்குத் தமக்கு நோய் என்றே தோன்றாது. உடன் இருப்பவர்களே முதலில் கவனிப்பார்கள். அடுத்த மாத்திரைக்கு முன்பாக மருத்துவரிடம் பேசுவது நல்லது. இங்கே சிகிச்சையின் திசையே மாற வேண்டியிருக்கும்.

உட்கார முடியவில்லை, நிற்க முடியவில்லை. உள்ளே ஏதோ துரத்துகிறது. பதற்றம் கூடிவிட்டதா?

பதற்றமாக இருக்கலாம், அகதீசியா எனப்படும் நிலையாகவும் இருக்கலாம். இரண்டும் பார்ப்பதற்கு ஒன்றுபோலத் தோன்றுவதால் தவறாகப் புரிந்துகொள்ளப்படுகிறது. பதற்றத்தில் மனம் எதையோ நினைத்து அஞ்சுகிறது. அகதீசியாவில் அஞ்சுவதற்கென்று ஒன்றும் இருக்காது. கால்கள் சும்மா இருக்க மறுக்கும். நாற்காலியில் அமர்ந்தவர் ஒரு நிமிடத்தில் எழுவார், அறையின் இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்கும் நடப்பார், நின்ற இடத்தில் ஒரு காலிலிருந்து மறு காலுக்கு உடல் எடையை மாற்றிக்கொண்டே இருப்பார். படுத்தால் தோலுக்குள் இருப்பதே தாங்க முடியாததாகத் தோன்றும்.

இது மனநோய்க்கான மற்ற மருந்துகளில் கூடுதலாகக் காணப்பட்டாலும், செரோட்டோனின் வகை மருந்துகளைத் தொடங்கும்போதும் அளவை ஏற்றும்போதும் சிலருக்கு வருகிறது. இதைப் பதற்றம் என்று எண்ணி மருந்தளவை மேலும் ஏற்றினால் நிலைமை மோசமாகும். தாங்க முடியாத தவிப்பு தற்கொலை எண்ணத்துக்கு இட்டுச் செல்லக்கூடும் என்பதால், "சும்மா பதற்றமாக இருக்கிறது" என்று சுருக்கிவிடாமல், மேலே சொன்னபடி கால்களின் தவிப்பை விவரித்துச் சொல்ல வேண்டும். அளவைக் குறைப்பது, மருந்தை மாற்றுவது, தவிப்பைத் தணிக்க வேறு மருந்து சேர்ப்பது என்று மருத்துவரிடம் வழிகள் உண்டு.

அழுகை நின்றுவிட்டது, ஆனால் மகிழ்ச்சியும் வரவில்லை. நான் நானாக இல்லை என்று தோன்றுகிறது.

உணர்வு மழுங்கல் என்று இதைச் சொல்வார்கள். துயரச் செய்தி கேட்டும் கண் கலங்காது. குழந்தை ஓடிவந்து கட்டிக்கொண்டாலும் உள்ளே ஒன்றும் அசையாது. அரிதான ஒன்றல்ல இது. இம்மருந்துகளை எடுப்போரில் கணிசமானோர் கேட்டால் ஒப்புக்கொள்கிறார்கள். ஆனால் யாரும் தாமாகச் சொல்வதில்லை, ஏனெனில் முன்பு பட்ட துன்பத்தோடு ஒப்பிட்டு இதைக் குறையாகச் சொல்வது நன்றிகெட்டதனமாக அவர்களுக்குப் படுகிறது.

தீராத மனச்சோர்வின் மிச்சமும் இதே முகத்தோடு வரும் என்பதுதான் சிக்கல். மிச்சமாக இருந்தால் அளவை ஏற்ற வேண்டியிருக்கும். மருந்தின் விளைவாக இருந்தால் குறைக்க வேண்டியிருக்கும். இரண்டும் எதிரெதிர் திசைகள். பசி, தூக்கம், கவனம், ஆற்றல் எல்லாம் சீரடைந்து உணர்வு மட்டும் மரத்துக் கிடந்தால் மருந்தின் பக்கம் எடை கூடுகிறது. எல்லாமே அரைகுறையாக இருந்தால் நோயின் பக்கம் கூடுகிறது.

வியர்வை, கொட்டாவி, பல் நெரிப்பு, கை நடுக்கம், பாலுறவில் சிக்கல்: இவையெல்லாம் மருந்தாலா?

இருக்கக்கூடும். இரவில் ஆடை நனையும் அளவுக்கு வியர்ப்பதும், தூக்கம் வராமலேயே கொட்டாவி விடுவதும், தூக்கத்தில் பல்லை நெரித்துக் காலையில் தாடை வலியோடு எழுவதும் செரோட்டோனின் மருந்துகளில் அறியப்பட்டவை. மருந்தோடு தொடர்புபடுத்தத் தோன்றாததால் சிலர் பல் மருத்துவரிடம் மாதக்கணக்கில் அலைகிறார்கள். வியர்வையைப் பற்றி ஒரு விந்தையும் உண்டு. வியர்க்க வைக்கும் இதே வகையைச் சேர்ந்த பராக்ஸெட்டினைக் குறைந்த அளவில், மாதவிடாய் நிற்கும் காலத்தில் பெண்களுக்கு வரும் உடல் சூட்டைத் தணிக்கப் பயன்படுத்த அமெரிக்க மருந்து நிர்வாகம் 2013-இல் ஒப்புதல் அளித்தது. ஆகவே நாற்பதுகளின் பிற்பகுதியில் உள்ள ஒரு பெண்ணுக்கு இரவு வியர்வை வந்தால், மருந்தையே குற்றம் சொல்லிவிட முடியாது.

பாலுறவில் நாட்டம் குறைவதும் உச்சநிலை எட்டத் தாமதமாவதும் மற்றத் தொல்லைகளைப்போல இரண்டு வாரத்தில் அடங்குபவை அல்ல. மருந்து தொடரும்வரை நீடிப்பதே வழக்கம். சிலருக்கு நிறுத்திய பிறகும் நீடித்ததாகப் பதிவுகள் உண்டு. வெட்கத்தால் இதைச் சொல்லாமல், தாமாகவே மாத்திரையை நிறுத்திவிடுபவர்கள் பலர். புப்ரோபியான், மிர்ட்டாசபின் போன்ற மாற்று மருந்துகளில் இச்சிக்கல் குறைவு. அவற்றுக்கும் விலை உண்டு: முன்னது வலிப்பு வரலாறு உள்ளவர்களுக்கு ஏற்றதல்ல, பின்னது பசியையும் எடையையும் கூட்டும்.

தலைக்குள் மின்சாரம் பாய்வதுபோல் இருக்கிறது. ஏதாவது நரம்பு நோயா?

கண்ணைப் பக்கவாட்டில் திருப்பும்போது ஒரு நொடிக்கும் குறைவாகத் தலைக்குள் "விருட்" என்று ஓர் அதிர்வு, அதோடு உலகம் ஒரு கணம் தாமதித்து நகர்வதுபோன்ற உணர்வு என்று இருந்தால், முதலில் மாத்திரைப் பட்டையை எடுத்து எண்ணிப் பாருங்கள். ஓரிரு மாத்திரை கூடுதலாக மிஞ்சியிருக்கும். மருந்து விடுபட்டாலும் வேகமாகக் குறைக்கப்பட்டாலும் வருவது இது. அச்சமூட்டுவதே தவிர, மூளைக்குச் சேதம் விளைவிப்பதாகத் தெரியவில்லை. இதோடு கிறுகிறுப்பு, குமட்டல், தெளிவான கெட்ட கனவுகள், எரிச்சல், காரணமற்ற அழுகை ஆகியவையும் சேர்ந்து வரலாம்.

எந்த மருந்து என்பதைப் பொறுத்து இது மாறும். வென்லாஃபாக்சினின் அளவு ஏறத்தாழ ஐந்து மணி நேரத்தில் பாதியாகிறது. அதன் வளர்சிதைப் பொருளுக்கு, அதாவது மருந்து உடலில் மாறி உண்டாகும் பொருளுக்கு, சுமார் 11 மணி நேரம். பராக்ஸெட்டினுக்கு ஒரு நாளுக்கும் சற்றுக் குறைவு. செர்ட்ராலினுக்கும் எஸ்சிட்டலோபிராமுக்கும் ஒரு நாளுக்குச் சற்று மேல். ஃபுளூவாக்ஸெட்டினோ தன் வளர்சிதைப் பொருளோடு சேர்த்து வாரக்கணக்கில் உடலில் தங்குகிறது. எனவேதான் முதல் இரண்டு மருந்துகளில் ஒரு வேளை தவறினாலே சிலருக்குத் தெரிகிறது. ஃபுளூவாக்ஸெட்டினில் இரண்டு நாள் மறந்தாலும் பலருக்குத் தெரிவதில்லை. விடுபட்டதற்காக அடுத்த வேளை இரண்டு மாத்திரை போட்டுக்கொள்ளக் கூடாது.

வேறு மருந்துகளோடும், காபி, மதுவோடும் சேர்வதால் இப்படி ஆகுமா?

ஆகும். மிகவும் கவனிக்க வேண்டியது செரோட்டோனின் அளவுக்கு மீறிக் கூடும் நிலை. வலிக்குத் தரப்படும் டிரமடால், இருமல் சிரப்புகளில் உள்ள டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபன், கிருமிக்கொல்லியான லைனசோலிட், மூலிகை என்ற பெயரில் விற்கப்படும் செயின்ட் ஜான்ஸ் வோர்ட் ஆகியவை மனச்சோர்வு மாத்திரையோடு சேரும்போது இந்நிலையை உண்டாக்கக்கூடும். கை நடுக்கம், கால் தசைகள் தாமாக வெட்டி வெட்டி இழுப்பது, வியர்வை, வயிற்றுப்போக்கு, அமைதியின்மை என்று சில மணி நேரங்களில் தொடங்கும். லேசாக இருந்தால் புதிய மருந்தை நிறுத்தியதும் பெரும்பாலும் ஒரு நாளில் அடங்கும். காய்ச்சலோ குழப்பமோ சேர்ந்தால் உயிருக்கே ஆபத்து.

ஐபுபுரூஃபன், ஆஸ்பிரின் போன்ற வலி மாத்திரைகளோடு சேர்ந்தால் வயிற்றில் இரத்தக் கசிவுக்கான வாய்ப்பு கூடுகிறது. ஆஸ்துமாவுக்கோ மூட்டுவலிக்கோ தரப்படும் பிரெட்னிசலோன் போன்ற ஸ்டீராய்டுகள் தாமாகவே மனநிலையைத் தூக்கியும் வீழ்த்தியும் விளையாடும். பழி மட்டும் மனச்சோர்வு மாத்திரையின் மேல் விழும். காபியைப் பொறுத்தவரை, ஃபுளூவாக்சமின் (ஃபுளூவாக்ஸெட்டின் அல்ல, அதே வகையில் வேறொரு மருந்து) எடுப்பவர்கள் தனியாகக் கவனிக்க வேண்டும். கல்லீரலில் காஃபினைச் சிதைக்கும் நொதியை அது தடுப்பதால், வழக்கமாகக் குடித்த இரண்டு கோப்பையே உடலில் பல மடங்கு நேரம் தங்கிப் படபடப்பையும் தூக்கமின்மையையும் தரும். மதுவைக் குடித்த இரவைவிட மறுநாள் காலை பாருங்கள்: பதற்றமும் தாழ்வும் அப்போதுதான் வரும்.

எந்தப் பரிசோதனைகளைப் பற்றி மருத்துவரிடம் கேட்கலாம்?

தைராய்டு முதலில். அது குறைந்தால் களைப்பும் எடை கூடுதலும் சோர்வும். கூடினால் படபடப்பும் நடுக்கமும் வியர்வையும் எரிச்சலும். இரு பக்கமும் மனநோயின் வேடம் போட வல்லது. இரத்தசோகை, வைட்டமின் பி12 குறைபாடு, இரத்தச் சர்க்கரை ஆகியவற்றையும் பார்த்துவிடலாம். குறட்டையும் பகல் தூக்கமும் இருந்தால் உறக்கத்தில் மூச்சுத் தடைபடும் நோயைப் பற்றிக் கேட்க வேண்டும். அது தீராதவரை எந்த மாத்திரையும் காலைக் களைப்பைப் போக்காது.

முதியவர்களுக்கு இரத்தத்தில் சோடியம் அளவைப் பார்ப்பது மிக முக்கியம். செரோட்டோனின் மருந்துகள் சிலருக்குச் சோடியத்தைக் குறைக்கின்றன. இரத்த அழுத்தத்துக்காகச் சிறுநீர் பிரிக்கும் மாத்திரையும் எடுக்கும் முதியவர்களுக்கு, முதல் சில வாரங்களில், இந்த ஆபத்து கூடுதல். தலைவலி, தள்ளாட்டம், குமட்டல், குழப்பம் என்று வரும். வீட்டில் உள்ளவர்கள் "வயதாகிவிட்டது" என்று விட்டுவிடுவார்கள். இயல்பான அளவு லிட்டருக்கு 135 முதல் 145 மில்லிமோல். ஓர் எளிய இரத்தப் பரிசோதனை காட்டிவிடும். வென்லாஃபாக்சின் எடுப்பவர்கள் இரத்த அழுத்தத்தையும், செரோட்டோனின் வகையிலேயே வரும் சிட்டலோபிராம் எடுக்கும் இதய நோயாளிகள் இ.சி.ஜி.யையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மாதக்கணக்கில் நன்றாக இருந்தேன். அதே மாத்திரை, இப்போது மீண்டும் சரிகிறேன். மருந்து வேலை செய்வதை நிறுத்திவிட்டதா?

அதுவும் நிகழ்வதுண்டு. ஆனால் அதற்கு முன் சில எளிய காரணங்களைத் தள்ளிவிட வேண்டும். நன்றாக இருந்த காலத்தில்தான் மாத்திரை மறக்கத் தொடங்கும், மாத்திரையைத் தயாரிக்கும் நிறுவனம் மாறியிருக்கலாம், புகைப்பழக்கம் தொடங்கியிருந்தால் டுலாக்ஸெட்டினின் அளவு இரத்தத்தில் குறைந்திருக்கும். இவை எதுவும் இல்லையென்றால், நோய் திரும்புகிறதா என்று மருத்துவர் பார்ப்பார். முதல் மருந்திலேயே முழுமையாகக் குணமடைவோர், பெரிய ஆய்வுகளின்படி, ஏறத்தாழ மூன்றில் ஒருவரே. மருந்தை மாற்ற வேண்டியிருப்பது நோயாளியின் தோல்வி என்று எண்ணுவதற்கு எந்த அடிப்படையும் இல்லை.

"எல்லாம் உங்கள் மனப்பிரமை" என்று சொல்லிவிடுகிறார்கள். என்ன செய்வது?

எதிர்பார்ப்பே உடல் தொல்லையை உண்டாக்கும் என்பது உண்மை. ஆய்வுகளில் மருந்தே இல்லாத வெற்று மாத்திரை எடுத்தவர்களும் தலைவலியையும் குமட்டலையும் சொல்கிறார்கள். மாத்திரைப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் காகிதத்தை இரவில் படித்துவிட்டு, அதில் உள்ள ஒவ்வொன்றையும் உடலில் தேடுவது யாருக்கும் நல்லதல்ல. பல நாடுகளின் அந்தக் காகிதங்களில் "மிகப் பொதுவானது" என்றால் பத்தில் ஒருவருக்கு மேல், "அரிது" என்றால் ஆயிரத்தில் ஒருவருக்கும் குறைவு. இந்த வேறுபாட்டைக் கவனித்துப் படித்தால் பாதி அச்சம் குறையும்.

ஆனால் எதிர்பார்ப்பால் வரும் தலைவலியும் வலிக்கத்தான் செய்கிறது. அதைக் காரணம் காட்டி எல்லாவற்றையும் ஒதுக்குவது மருத்துவம் ஆகாது. சந்திப்பின்போது குறிப்பேட்டை நீட்டி, "மூன்றாம் தேதி அளவை 50-இலிருந்து 100 ஆக்கினீர்கள், ஆறாம் தேதியிலிருந்து நடுக்கம், இன்றுவரை குறையவில்லை, எழுதும்போது கை ஆடுகிறது" என்று சொல்லிப் பாருங்கள். "ஒரு மாதிரியாக இருக்கிறது" என்பதற்குக் கிடைக்கும் விடையும் இதற்குக் கிடைக்கும் விடையும் வேறாக இருக்கும். அப்போதும் காது கொடுக்கவில்லை என்றால் வேறு மருத்துவரின் கருத்தைக் கேட்பது நோயாளியின் உரிமை.

தொல்லை தாங்காமல் நானே மாத்திரையை நிறுத்திவிட்டால் என்ன?

பக்கவிளைவின் மேல், மருந்து விடுபடுவதால் வரும் தொல்லையும் சேர்ந்து, எது எதனால் என்று யாருக்கும் தெரியாத நிலை உருவாகும். 2024-இல் வெளியான பல ஆய்வுகளைச் சேர்த்து அலசிய ஒரு பெரிய தொகுப்பாய்வு, வெற்று மாத்திரையை நிறுத்தியவர்களும் சொன்ன தொல்லைகளைக் கழித்த பிறகு, ஆறு ஏழு பேரில் ஒருவருக்கு நிறுத்துவதாலேயே அறிகுறிகள் வருவதாக மதிப்பிட்டது. பெரும்பாலோருக்கு ஓரிரு வாரங்களில் அடங்கும். நீண்ட காலம் எடுத்தவர்களில் சிலருக்கு மாதக்கணக்கில் நீளும். நிறுத்திய சில நாட்களில் வரும் அழுகையை நோய் திரும்பிவிட்டதாக எண்ணுவதும் நடக்கிறது. நோய் திரும்புவது பொதுவாக வாரங்கள் கழித்து மெல்ல வரும். விடுபடும் தொல்லை சில நாட்களிலேயே, கிறுகிறுப்பு, மின்னதிர்வு போன்ற உடல் குறிகளோடு வரும்.

குறைக்கும் விதத்தைப் பற்றி ஒரு நுணுக்கம் சொல்லத்தக்கது. மருந்தளவும் மூளையில் அதன் விளைவும் ஒரே விகிதத்தில் போவதில்லை. சிட்டலோபிராமை 40 மில்லிகிராமிலிருந்து 20-க்குக் குறைத்தால், மூளையில் அது பற்றியிருக்கும் செரோட்டோனின் கடத்திகளின் (இம்மருந்துகள் பற்றிக்கொள்ளும் இடங்களின்) பங்கு சுமார் 86 சதவீதத்திலிருந்து 80-க்குத்தான் இறங்குகிறது. 5 மில்லிகிராமிலும் பாதிக்கு மேல் பற்றியிருக்கும். அங்கிருந்து ஒரே நாளில் நிறுத்தினால் அத்தனையும் ஒருசேர விழும். ஆகவே முதல் படிகள் பெரிதாகவும், கடைசிப் படிகள் மிகச் சிறிதாகவும் இருக்க வேண்டும். கடைசிக் கட்டத்தில் தொல்லைப்படுபவர்கள், திரவ வடிவில் மருந்து கிடைக்குமா என்று கேட்கலாம். கருவுற்றிருப்பது தெரிந்ததும் பயந்துபோய் அன்றே நிறுத்துவதும் தவறு. அந்த முடிவை மருத்துவரோடு சேர்ந்தே எடுக்க வேண்டும்.

மருத்துவரைப் பார்க்கும் நாள்வரை எப்படிச் சமாளிப்பது?

மாத்திரையைத் தினமும் ஒரே நேரத்தில் எடுங்கள். எழும் நேரத்தை மாற்றாதீர்கள். தூங்கும் நேரம் நம் கையில் இல்லை, எழும் நேரம் இருக்கிறது. படுக்கையிலிருந்து சட்டென எழாமல் ஒரு நிமிடம் அமர்ந்துவிட்டு எழுந்தால் கிறுகிறுப்பால் விழுவது குறையும். கிறுகிறுப்போ மந்தமோ உள்ள நாளில் வண்டி ஓட்ட வேண்டாம். உடலுக்குப் பழகிய அளவில் நடப்பது மனத்துக்கும் தூக்கத்துக்கும் உதவும், ஆனால் முடியாத நாளில் முடியவில்லை என்று விட்டுவிடலாம்.

மனம் சரிந்திருக்கும் மணி நேரத்தில் வேலையை விடுவது, உறவை முறிப்பது, பணத்தை எங்காவது போடுவது போன்ற முடிவுகளைத் தள்ளிவையுங்கள். எரிச்சல் மூளும்போது, "இப்போது பேச முடியவில்லை, மாலையில் பேசுகிறேன்" என்ற ஒரு வாக்கியத்தை வீட்டாரிடம் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்வது நல்லது.

உடன் வாழ்பவர் என்ன செய்யலாம்?

"மாத்திரை போட்டாயா?" என்பதை ஒவ்வொரு கோபத்துக்கும் பதிலாகக் கேட்காமல் இருக்கலாம். அவர் சொல்வதில் நியாயம் இருக்கும்போதும் அதை நோயின் குரலாக ஒதுக்கினால், உண்மையான மாற்றங்களையும் சொல்லாமல் மறைக்கத் தொடங்கிவிடுவார். அவரே பார்க்க முடியாதவற்றை, அதாவது தூங்கும் நேரம், பேச்சின் வேகம், செலவு, அறைக்குள் ஓயாமல் நடப்பது ஆகியவற்றைத் தேதியோடு குறித்துவைத்து, அவர் ஒப்புதலோடு மருத்துவரிடம் உடன் செல்லலாம். தற்கொலை எண்ணம் உண்டா என்று நேரடியாகக் கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. ஆம் என்றால், வீட்டில் உள்ள மாத்திரைகளின் கையிருப்பைத் தம் பொறுப்பில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு நாளுக்கும் உரியதை மட்டும் கையில் தர வேண்டும்.